ஒரு வண்டி, இரண்டு நோய்

ஒரே உடலில் இரண்டு நோய் புகுந்துவிட்டால், எந்தக் குறி எந்த நோயினுடையது என்று பிரித்தறிவது வைத்தியருக்கே அரிது. மோட்டார் வண்டிக்கும் இது பொருந்தும் என்பதைச் சென்ற விடுமுறையில் நேரில் கண்டேன்.

கொல்கத்தாவில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற பெரியவர். அவரிடம் 1965-இல் செய்த எம்.ஜி.பி. என்னும் இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை இவ்வகைக் கார்கள் உருவாயின. பெரியவரின் வண்டி நின்ற இடத்தில் ஓடாமல் அணைந்துவிடும். முதல் கியர் போட்டால் பல்லைக் கடிக்கும். “கிளட்ச் போய்விட்டது, இஞ்சினையே இறக்க வேண்டும்” என்று ஒரு பட்டறையில் சொல்லிவிட்டார்கள். இவ்வண்டியில் கிளட்ச் தட்டை மாற்ற இஞ்சினை இறக்கித்தான் ஆக வேண்டும். அவர்கள் கேட்ட தொகையைக் கேட்ட பெரியவர், வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடத் துணிந்தார்.

நான் பொறியியல் மாணவன் அல்லவா? துணிந்து கார்புரேட்டர் திருகுகளை மனம்போனபடி திருகினேன். நிலைமை மோசமாயிற்று. தெருக்கோடி மிஸ்திரி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒரு நேரத்தில் ஒன்று” என்றார். அம்பாசடரோடு வாழ்ந்தவர் அவர். உத்தரபாராவில் 2014 வரை உருவான அந்த வண்டியில் நெடுங்காலம் இருந்த 1489 சி.சி. இஞ்சினும், எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. இஞ்சினும் ஒரே குலம்.

இவ்வண்டியில் இருப்பவை இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்கள். ஒவ்வொன்றின் உள்ளும் ஒரு பிஸ்டன், உறிஞ்சப்படும் காற்றின் அளவுக்கேற்ப ஏறி இறங்கும். அதன் அடியிலுள்ள கூரிய ஊசி, பெட்ரோல் துளையைத் திறந்து கொடுக்கும். காற்று எவ்வளவோ, அதற்கேற்ற பெட்ரோல். ஆனால் கார்புரேட்டரைத் தாண்டிய இடத்தில் காற்று புகுந்தால் அது கணக்கில் வராது. வாசலில் ஆளை எண்ணி இலை போடும் பந்தியில், கொல்லைப்புறமாகப் பத்துப் பேர் நுழைந்தால் சோறு போதுமா? வேகமாக ஓடும்போது பந்தி பெரிது. பத்துப் பேர் தெரியமாட்டார்கள். ஐடிலிங்கில் பந்தி சிறிது, உடனே தெரிந்துவிடும்.

வெற்றிடமானியைப் பொருத்தினோம். நல்ல இஞ்சின் ஐடிலிங்கில் பாதரசக் கணக்கில் 17 முதல் 21 அங்குலம் காட்டும். இங்கே முள் ஆடாமல் 12-இல் நின்றது. கார்புரேட்டர் பிஸ்டனைச் சிறிதே தூக்கினோம். இஞ்சின் உடனே அணைந்தது. பெட்ரோல் குறைவு என்பதற்கு அது அடையாளம். இஞ்சின் ஆவியை உள்ளிழுக்கும் வால்வைக் கழற்றி, அதன் துளையை ரப்பர் தக்கையால் அடைத்தோம். முள் 18-க்கு ஏறியது! வால்வினுள் இருந்த ரப்பர் டயப்ரம் கிழிந்திருந்தது.

இதற்கும் கியருக்கும் என்ன தொடர்பு என்பீர்கள். வண்டி அணையாதிருக்கப் பெரியவர் ஐடிலிங்கை நிமிடத்துக்கு 1500 சுற்றுக்கு ஏற்றி வைத்திருந்தார். 1967-க்கு முந்திய எம்.ஜி.பி.யில் முதல் கியருக்குச் சின்க்ரோ கிடையாது. கிளட்ச் முழுதும் விலகாவிட்டால், சுழலும் பல்லும் நிற்கும் பல்லும் மோதத்தானே செய்யும்? டயப்ரத்தை மாற்றி, ஐடிலிங்கை 800-க்கு இறக்கியதும் சத்தம் பாதியாயிற்று. மீதிப் பாதி இரண்டாவது நோய்.

பெடலை இருமுறை அடித்துவிட்டுக் கியர் போட்டால் சுலபமாக விழுந்தது. ஆகவே குறை தட்டில் அன்று, எண்ணெய் அழுத்தத்தில் இருக்க வேண்டும். பெடலை ஒருவர் மிதிக்க, கீழே ஸ்லேவ் சிலிண்டரின் தண்டு நகர்வதை அளந்தோம். அரை அங்குலம் நகர வேண்டியது கால் அங்குலமே நகர்ந்தது. அதன் ரப்பர் உறையை விலக்கினால் ஈரம். ரப்பர் கப்பை மாற்றி, புதிய பிரேக் ஆயில் ஊற்றிக் காற்றை வெளியேற்றினோம். அங்கே இஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும் என்பதை மறவாதீர்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். கிளட்ச் விலகாமை வேறு, வழுக்குதல் வேறு. மேட்டில் இஞ்சின் இரைய, வண்டி மட்டும் வேகம் எடுக்காவிட்டால் அது வழுக்குதல். அப்போது இஞ்சினை இறக்குவதைத் தவிர்ப்பது கடினம்.

ஆக, இஞ்சின் இறங்கவில்லை. மாறியவை இரண்டு ரப்பர் துண்டுகள். மறுநாள் விடியற்காலையில் பெரியவர் என்னைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார். சிவப்பு விளக்கில் நின்றோம். வண்டி அணையவில்லை. முதல் கியர் சத்தமின்றி விழுந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. மறுபடியும் ஒரு சுற்று போனார்.