கவலையை யாரிடம் கொடுப்பது?

 

"நாளைக்கு என்ன ஆகுமோ?" இந்தக் கேள்வி இல்லாத வீடு உண்டா? பரீட்சை வந்தால் நமக்குக் கவலை. மழை பொய்த்தால் தோட்டத்துக்காரருக்குக் கவலை. ஆர்டர் குறைந்தால் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களுக்குக் கவலை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் நாட்டுப் பொருட்களுக்கு 50 சதவீதம் வரி போட்டபோது அவிநாசி, திருப்பூர் பக்கம் எங்கே பார்த்தாலும் இதே பேச்சுதான். எங்கம்மா செக்கிங் வேலைக்குப் போகும் கம்பெனியிலும் அப்போது வாரத்துக்கு மூணு நாள்தான் வேலை இருந்தது.

நான் கிறிஸ்தவ வீட்டுப் பெண். கவலையைப் பற்றி இயேசு சொன்னது மத்தேயு சுவிசேஷம் 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பறவைகளுக்குக் குதிர் கிடையாது, ஆனாலும் கடவுள் தீனி கொடுக்கிறார். காட்டுப்பூவுக்குத் தறி கிடையாது, ஆனாலும் அதற்கு அழகான உடுப்பு இருக்கிறது. அப்படியிருக்க நம்மை மட்டும் மறப்பாரா என்பதுதான் அதன் கருத்து.

"அப்போ சும்மா உட்கார்ந்திருந்தால் போதுமா?" என்று கேட்பீர்கள். போதாது! மைனாவைப் பாருங்கள். விடிந்ததும் கிளம்பி, நாள் பூரா இரை தேடுகிறது. ஆனால் அடுத்த மாசத்து இரையை நினைத்து ராத்திரி முழிச்சுக்கிட்டு இருப்பதில்லை. உழைப்பு வேறு, கவலை வேறு.

இப்படி வாழ்ந்து காட்டிய ஒருவர் நம் தமிழ்நாட்டிலேயே இருந்தார். அவர்தான் ஏமி கார்மைக்கேல் அம்மையார். 1867இல் அயர்லாந்தில் பிறந்து, 1895இல் இந்தியாவுக்கு வந்தவர். அந்தக் காலத்தில் சிறு பெண்பிள்ளைகளைத் தேவதாசியாகக் கோயிலுக்கு விடும் வழக்கம் இருந்தது. (சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.) 1901இல் அப்படித் தப்பி வந்த ஒரு சிறுமிக்கு அம்மையார் அடைக்கலம் கொடுத்தார். பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராக வர, திருநெல்வேலி மாவட்டம் டோனாவூரில் பெரிய இல்லமே உருவானது.

அத்தனை பிள்ளைகளுக்கும் சோறு, துணி, மருந்து வேண்டுமே! ஆனால் அம்மையார் யாரிடமும் பணம் கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தார். தேவையைக் கடவுளிடம் மட்டும் சொல்லி ஜெபிப்பார். ஜெபித்துவிட்டுச் சும்மா இருக்கவும் இல்லை. குழந்தைகளை வளர்த்தார், படிக்க வைத்தார், ஆஸ்பத்திரி கட்டினார்.

நம்பினால் கஷ்டமே வராது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1931இல் அம்மையார் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. எத்தனையோ பேர் ஜெபித்தும் அவரால் பழையபடி நடமாட முடியவில்லை. 1951இல் இறக்கும்வரை, ஏறக்குறைய 20 வருஷம், பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். ஆனால் நம்பிக்கை போகவில்லை. படுக்கையில் இருந்தபடியே பல புத்தகங்கள் எழுதினார். அவர் விருப்பப்படி கல்லறையில் பெரிய கல் எதுவும் வைக்கவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டிதான் வைத்திருக்கிறார்கள்.

எனக்குப் புரிந்தது இதுதான். கடவுளை நம்புவது என்றால், நாம் கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று நம்புவது அல்ல. என்ன நடந்தாலும் அவர் நம்மை விட்டுப் போகமாட்டார் என்று நம்புவது. வேலை குறைந்த அந்த நாட்களில் எங்கம்மா வீட்டில் ஜாக்கெட் தைத்துக் கொடுத்தார்கள். ராத்திரி ஜெபம் பண்ணிவிட்டுப் படுத்துத் தூங்கினார்கள். சம்பளம் கூடவில்லை. ஆனால் வீட்டில் சண்டை இல்லை, அழுகை இல்லை.

எங்க அம்மாயி சொல்வாங்க: "கவலைப்பட்டா வெந்த சோறும் தொண்டையில எறங்காது கண்ணு."

நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, இந்தப் பரீட்சைக்கு இப்படிச் செய்து பாருங்களேன். இன்றைக்குப் படிக்க வேண்டியதை இன்றைக்கே படியுங்கள். புரியாததை டீச்சரிடம் கேளுங்கள். மனபாரத்தை நம்பிக்கையானவர்களிடம் சொல்லுங்கள். மீதியைக் கடவுளிடம் கொடுத்துவிட்டு நன்றாகத் தூங்குங்கள்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி