நடைபாதைக் குடிகள்

நடைபாதை நடப்பதற்கென்றே அமைந்தது. இதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆயினும், பம்பாயிலோ கல்கத்தாவிலோ தில்லியிலோ குடியேறி வாழும் நம் அன்பர்கள், காலையில் அலுவலகத்திற்குப் புறப்பட்டால், ஒரு குடும்பத்தின் அடுப்பையும், கயிற்றில் காயும் சேலையையும், சாக்குப் படுதாவின் பின்னே உறங்கும் குழந்தையையும் சுற்றிக்கொண்டு சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டியிருக்கிறது. "இவர்களை அப்புறப்படுத்தக் கூடாதா?" என்று ஒருவர் கேட்கிறார். "அப்புறப்படுத்தினால் எங்கே போவார்கள்?" என்று இன்னொருவர் கேட்கிறார். இவ்விரு வினாக்களும் நம் இல்லங்களில் அடிக்கடி எழுவன. இவை நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்று வாதிடப்பட்டவை என்பதைப் பலரும் அறிவர். அவ்வழக்கின் நடுவே நின்றவர்களுள் ஒருவர் சேலத்துத் தமிழர் என்பதை அறிந்தோர் சிலரே.

அவருடைய பெயர் வழக்கேடுகளில் இருக்கிறது. இங்கே அது வேண்டுவதில்லை. அவர் சொந்த நிலம் இல்லாத கூலி விவசாயி. வறட்சியால் ஊரில் வேலையற்றுப் போய், 1961 ஆம் ஆண்டில் பம்பாய்க்கு வந்தார். தஹிஸரில் ஓர் இரசாயனக் கம்பெனியில் நாட்கூலி வேலை கிடைத்தது. கூலி நாளொன்றுக்கு ரூ. 23. மேற்கு விரைவுச் சாலையின் நடைபாதையில் பிளாஸ்டிக் விரிப்பும் கித்தானும் கொண்டு கட்டிய ஒரு மறைப்புக்காக, அப்பகுதியைத் தன் ஆட்சியில் வைத்திருந்த முரடன் ஒருவனுக்கு அவர் ரூ. 2,500 கொடுக்க நேர்ந்தது. கணக்குப் பார்த்தால் இது நூறு நாள் கூலிக்கும் மேல். நடைபாதையில் இருப்போர் வாடகையின்றி இருப்பதாக நினைப்பவர்கள் இந்தத் தொகையைச் சற்று மனத்தில் இருத்த வேண்டும். அந்த மறைப்பில்தான் அவரும் மனைவியும் மூன்று பெண்மக்களும் வாழ்ந்தனர்.

1981 ஜூலை 13 அன்று, அப்போதைய மகாராஷ்டிர முதலமைச்சர் அப்துல் ரஹ்மான் அந்துலே ஓர் அறிவிப்புச் செய்தார். நடைபாதைவாசிகள் அனைவரும் அகற்றப்பட்டு அவரவர் சொந்த ஊருக்கே அனுப்பப்படுவர் என்பது அதன் சாரம். மழைக்காலத்தில் அத்தகைய குடிசைகளில் மனிதர் வாழ முடியாது என்று காரணமும் கூறப்பட்டது. குடிசை மழைக்கு ஆகாது என்பது உண்மைதான். ஆனால், பம்பாய் நகரில் ஓர் ஆடி மாதத்தையேனும் கழித்தவர்கள், உள்ள குடிசையையும் அந்த மாதத்தில் பிரிப்பது எத்தகைய பரிவு என்பதைத் தாமே அறிவர்.

பத்தாம் நாள், ஜூலை 23 அன்று, சேலத்தாரின் மறைப்பு இடிக்கப்பட்டது. குடும்பம் முழுவதும் சேலத்திற்குச் செல்லும் பேருந்தில் ஏற்றப்பட்டது. மனைவியும் மக்களும் ஊரிலேயே தங்கினர். அவரோ வேலை தேடித் திரும்பி வந்து, மீண்டும் ஒரு நடைபாதைக் குடிசையில் ஒதுங்கினார். ஊருக்கு அனுப்பிவிட்டால் தீர்ந்தது என்போர்க்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா? எந்த வறட்சி அவரை இங்கே அனுப்பியதோ, அதற்கு விடை காணாமல் பேருந்துச் சீட்டு மட்டும் கொடுத்தால் போதுமென்று எண்ணினார்கள்.

அதே சாலையின் ஓரத்தில் காமராஜ் நகர் என்றொரு குடியிருப்பும் இருந்தது. அப்பெயரைக் கேட்டதுமே நம்மவர் கை அங்கே பட்டிருக்கிறது என்று தோன்றும். 1960 வாக்கில், சாலையோரம் தண்ணீர்க் குழாய் பதிக்க வந்த தொழிலாளர்கள் எழுப்பிய ஐந்நூறுக்கும் மேற்பட்ட குடிசைகள் அவை. நகரின் வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர்களுக்கு நகரில் வீடு இல்லை! அக்குடியிருப்பினர் பம்பாய் உயர் நீதிமன்றத்தை நாடினர்; அக்டோபர் 15 வரை குடிசைகளை இடிப்பதில்லை என்று அதிகாரிகளும் ஒப்பினர். அதன் பின்னரும் ஜூலை 23 அன்று தங்களைப் பேருந்துகளில் அடைத்து ஊர்கடத்தியதாகவும், அப்பயணத்தில் இரு குழந்தைகள் பிறந்து வேறு இருவர் இறந்ததாகவும் அவர்கள் தம் மனுவில் முறையிட்டனர்.

பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் என்பாரின் பெயரால் இன்றும் வழங்கும் அவ்வழக்கில், 1985 ஜூலை 10 அன்று தீர்ப்புச் சொல்லப்பட்டது. தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் ஐவர் அமர்ந்த அரசியல் சாசன அமர்வு அது. தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து உச்ச நீதிமன்றத்திற்கு உயர்ந்த முதல் நீதிபதியாகிய நம் தமிழ்நாட்டு வரதராஜன் அவர்களும் அதில் ஒருவர்.

தீர்ப்பின் உள்ளடக்கத்தை இரு தரப்பாரும் தமக்கு வேண்டிய அளவு மட்டும் எடுத்துக்கொண்டு பேசுவது வழக்கமாகிவிட்டபடியால், அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். உயிர்வாழும் உரிமையை உறுதி செய்யும் அரசியல் சாசனத்தின் 21 ஆம் பிரிவில், பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று நீதிமன்றம் கூறியது. பிழைப்புக்கு வழியில்லாமல் உயிர்வாழ்வது எங்ஙனம்? இம்மக்கள் நடைபாதையில் இருப்பது வேலை அருகில் இருப்பதால். அவ்விடத்தை இழந்தால் வேலையும் போகும். குடிசை கட்டும் அடிப்படை உரிமையைக் கோருவதில்லை என்று அவர்கள் முன்னர் உயர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டிருந்தனர். அதைச் சுட்டிக்காட்டிச் சர்க்கார் தரப்பு வாதிட்டபோது, அரசியல் சாசனம் அளித்த உரிமையை எவரும் கைவிட முடியாது என்று அவ்வாதம் தள்ளப்பட்டது.

இவ்வளவும் ஒரு பாதி. மறு பாதியில், நடைபாதை பொதுமக்கள் நடப்பதற்கே உரியது, அதைத் தனி இருப்பிடமாக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்றும் அதே தீர்ப்புக் கூறுகிறது. முன்னறிவிப்பின்றி ஆக்கிரமிப்பை அகற்ற ஆணையருக்கு அதிகாரமளிக்கும் 1888 ஆம் ஆண்டின் பம்பாய் மாநகராட்சிச் சட்டத்தின் 314 ஆம் பிரிவு செல்லுமென்றே முடிவாயிற்று. ஆனால், அவ்வதிகாரம் அரிதாகவே அவ்வண்ணம் பயன்படுத்தத் தக்கது. சாதாரணமாக முன்னறிவிப்புத் தரவே வேண்டும் என்று அதற்கு வரம்பு கட்டினார்கள். 1976 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அடையாள அட்டை பெற்றோர்க்கு மாற்றிடம் அளிக்க வேண்டும். 1985 அக்டோபர் 31 வரை, அதாவது மழை முடிந்து ஒரு மாதம் கழியும் வரை, நடைபாதைக் குடிசைகளை அகற்றலாகாது. நால்வருக்கும் தெரிந்த கொள்கையை விடவும் இந்த ஒரு தேதியே அவ்வாண்டு பல குழந்தைகளை நனையாமல் காத்தது என்று நாம் கருதுகிறோம்.

அட்டை இல்லாதவர்? இங்கேதான் இவ்விவகாரத்தின் கடினமான முடிச்சு. இன்ன ஆண்டுக்கு முன் இருந்தவன் குடிமகன், பின் வந்தவன் ஆக்கிரமிப்பாளன் என்று கோடு கிழிப்பது அன்று தொடங்கியது. 1976 ஆக இருந்த கோடு பின்னர் 1995 ஜனவரி முதல் நாளாகவும், 2000 ஜனவரி முதல் நாளாகவும் நகர்ந்தது. நகர்ந்ததில் பயன் உண்டு, இல்லையென்பதற்கில்லை. ஆனால், நடைபாதையில் இருக்கும் ஏழைக்கு இருபது ஆண்டுக் காகிதத்தை மழையிலும் இடிப்பிலும் காப்பாற்றுவது எளிதா? உறுதியான கட்டடங்களில் இருக்கும் நம்மிடமே அவ்வளவு பழைய ரேஷன் கார்டு எத்தனை பேரிடம் இருக்கும்?

தீர்ப்பு வந்த அதே 1985 இல் வேறொரு காரியமும் நடந்தது. ஸ்பார்க் என்னும் அமைப்பு பைகுல்லா வட்டாரத்து நடைபாதைவாசிகளைக் கணக்கெடுத்தது. ஏறத்தாழ 6,000 குடும்பங்கள், 27,000 பேர் என்று தெரிந்தது. எவருடைய ஏட்டிலும் இல்லாத மக்கள் இவர்கள். அந்தப் பெண்களே பின்னர் மகிளா மிலன் என்ற பெயரில் கூடி, சிறுசிறு காசாகச் சேமித்தனர். தமக்கு எத்தகைய வீடு வேண்டுமென்று தாமே திட்டமிட்டு, பரண் வைத்த மாதிரி வீடொன்றைக் கட்டிப் பார்வைக்கு வைத்தனர். வீடு கட்டுவோர் எவரும் கேளாத ஒரு கேள்வியை, அதாவது ஓர் அறையில் ஒரு குடும்பம் எவ்வாறு புழங்கும் என்பதை, இவர்கள் அறிந்திருந்தார்கள்.

அவர்களுக்குத் துணைநின்ற தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பின் தலைவர் ஜாக்கின் அற்புதம், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். மான்குர்த் அருகே ஜனதா காலனியில் அவர் வாழ்ந்த குடியிருப்பே 1976 இல், நெருக்கடி நிலைக் காலத்தில், அகற்றப்பட்டது. அந்தப் பட்டறிவோடு பேசியவர் அவர். 2000 ஆம் ஆண்டில் மகசேசே விருது பெற்றார். 2018 இல் மறைந்தார். இத்தகையோரைப் பற்றி நம் தமிழ்ச் சங்கங்கள் விழா எடுத்தது குறைவே என்று சொன்னால் எவரும் வருந்த வேண்டா.

எதிர்த் தரப்புக்கும் நியாயம் வழங்க வேண்டும். முதியவரும் பார்வையற்றவரும் பள்ளிச் சிறுவரும் நடைபாதை இல்லாமல் வண்டிகளுக்கு நடுவே நடப்பது அற்பமான குறையன்று. கழிவறை இல்லாத இடத்தில் நூறு பேர் வாழ்ந்தால் நோய் பரவும். அது முதலில் தாக்குவதும் அந்த நூறு பேரைத்தான். தில்லிக் குப்பை பற்றிய 2000 ஆம் ஆண்டு வழக்கொன்றில், அதே உச்ச நீதிமன்றமே, ஆக்கிரமித்தவருக்கு இலவச மாற்றிடம் தருவது ஜேப்படிக்காரனுக்குப் பரிசளிப்பது போலாகும் என்ற பொருளில் கடுமையாகக் கூறிற்று. பதினைந்து ஆண்டுகளில் எத்துணை மாற்றம்! இந்த உவமை பொருந்தாது என்பது நம் எண்ணம். ஜேப்படிக்காரன் பிறர் பையில் கை வைக்கிறான். சேலத்தாரோ நூறு நாள் கூலியைக் கொடுத்துவிட்டு நிற்கிறார். மேலும், நடைபாதையை அடைத்து நிற்கும் மோட்டார் வண்டிகளையும் கடைகளின் நீட்டிப்புகளையும் பற்றி நாம் இதே சினத்தோடு பேசுகிறோமா?

தில்லியில் இவ்விவகாரத்திற்குக் குளிரே நாள் குறிக்கிறது. 2009 டிசம்பரில் பூசா சாலையருகே ஓர் இரவுப் புகலிடம் இடிக்கப்பட்டதும், அதையொட்டி எழுந்த கூக்குரலும் நீதிமன்றங்களை எட்டின. பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு புகலிடம், அதுவும் இரவில் மட்டுமன்றி இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருப்பதாய் அமைய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010 இல் பணித்தது. புகலிடம் நல்லது. ஆனால் பெரும்பாலும் அது தனி ஆண்களுக்கு ஏற்றது. மனைவி, மக்கள், தட்டுமுட்டுச் சாமான், தள்ளுவண்டி இவற்றோடு இருப்பவன் அங்கே போய் என்ன செய்வான்?

2011 ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில், பிப்ரவரி 28 ஆம் தேதி இரவில், வீடற்றோர் தனியே எண்ணப்பட்டனர். நாடு முழுவதும் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர். அவர்களுள் நகரங்களில் மட்டும் சுமார் 9.4 லட்சம். ஓரிரவில் பாலத்தடியிலும் கோயில் வாயிலிலும் இரயில் நிலையத்திலும் தேடி எண்ணும் கணக்கு இது; விடுபட்டோர் இருப்பர். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் முதல் நாளை அடிப்படையாகக் கொள்வதென்று 2025 இல் மத்திய அரசு அறிவித்தது. எங்கெங்கே எவரெவர் உறங்குகிறார்கள் என்பதை எண்ண வருபவரைவிடத் தெருவாசிகளே நன்கறிவர். நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மையாரும், வாசலில் பூ விற்கும் சேலத்து ஆச்சியும் இரவில் எங்கே படுக்கிறார்கள் என்பதைக் கேட்டு வைத்திருப்போர், அந்த இரவுக்கு முன்பே எண்ண வருபவரிடம் அவ்விடத்தைச் சொல்லலாம்.