சாங்கிச் சிறையில் தைத்த போர்வைகள்

நன்கொடை பெறுபவர், பொருளில் குறை இருந்தாலும் வாய்திறந்து சொல்லத் தயங்குவார். ஆகவே, குறை நேராதவாறு செய்வது கொடுப்பவரின் பொறுப்பாகும். சாங்கிச் சிறையில் உருவான ஒட்டுப்போர்வைகள் இதற்குச் சான்று.

1942ஆம் ஆண்டில் ஜப்பானியர் சிங்கப்பூரைக் கைப்பற்றியபின், ஐரோப்பியப் பொதுமக்கள் பலர் அச்சிறையில் அடைக்கப்பட்டனர். அங்கிருந்த பெண்கள், காயமுற்ற போர்வீரர்களுக்காகத் துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வைகள் தைத்தனர். கனடாவைச் சேர்ந்த எத்தல் மல்வேனி இதற்கு வழிகாட்டினார். துணியும் நூலும் அரிதாகவே கிடைத்தன. ஆயினும், பெண்கள் ஆளுக்கொரு சதுரத் துணியில் தம் பெயரையும் தம்மைப் பற்றிய ஏதேனும் ஒன்றையும் பூத்தையலிட்டனர். வேறிடத்தில் அடைபட்டிருந்த கணவர் அப்பெயரைக் கண்டால், மனைவி உயிருடன் இருப்பதை அறிந்துகொள்வார். இவ்வாறு 66 சதுரங்கள் சேர்ந்து ஒரு போர்வை ஆயிற்று.

ஆஸ்திரேலிய வீரர்களுக்கான போர்வையின் பின்புறத்தில், அதை உலர்சலவை செய்வது நல்லது என்னும் குறிப்பையும் தைத்தனர். கொடுத்த பிறகும் பொருள் கெடாமல் இருக்கவேண்டும் என்னும் அக்கறை அதில் தெரிகிறது. எண்பது ஆண்டுகள் கடந்தும் மூன்று போர்வைகள் நிலைத்துள்ளன. அவற்றுள் இரண்டு, கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன.

பிறருக்காக ஒரு பொருளைச் செய்யும்போது, அதில் நம் பெயரைப் பொறிக்கத் தயங்குவோமா என்று எண்ணிப் பார்ப்போம். தயங்கினால், அதை இன்னும் செம்மையாகச் செய்ய வேண்டும்.