நகையைத் திருப்பிப் பாருங்கள்

தீபாவளி நெருங்கும் நாள்களில் நகைக்கடைகளில் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். தாய் ஒருவர் தம் கைப்பையிலிருந்து பழைய ஜிமிக்கி ஒன்றை எடுத்து மேசைமீது வைக்கிறார். அது அவருடைய தாயார் திருமணத்தின்போது அணிந்தது. விற்பனையாளர் அதைத் தராசில் வைக்கிறார். தங்கத்தின் தரத்தைச் சோதிக்கிறார். கணிப்பானில் சில எண்களைத் தட்டுகிறார். சில நிமிடங்களில் விலை தெரிந்துவிடுகிறது. அந்த விலையில் தங்கத்தின் எடை அடங்கியிருக்கிறது, தரமும் அடங்கியிருக்கிறது. ஆனால், அதைச் செய்தவரின் உழைப்புக்கு அதில் பெரும்பாலும் இடமில்லை. ஏனெனில், பழைய நகை உருக்கப்போகும் பொன்னாகவே கணக்கிடப்படுகிறது.

அந்த உழைப்பு எத்தகையது? ஒரு ஜோடி ஜிமிக்கி பொற்கொல்லரின் பட்டறையில் எவ்வாறு உருவாகிறது என்பதைப் படிப்படியாகப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். பொற்கொல்லரைப் பத்தர், ஆசாரி, தட்டார் என்றும் ஊருக்கு ஊர் வெவ்வேறு பெயரில் அழைப்பர்.

உருக்குதலும் தட்டுதலும்

கலப்பில்லாத தங்கம் மிகவும் மென்மையானது. அதில் நகை செய்தால் எளிதில் வளைந்துவிடும், விரைவில் தேய்ந்தும்விடும். எனவே, 24 பங்கில் 22 பங்கு தங்கமும் 2 பங்கு வெள்ளியும் செம்பும் இருக்குமாறு கலக்கிறார்கள். இதுவே 22 காரட் தங்கம். 22-ஐ 24-ஆல் வகுத்தால் 0.916 எனத் தொடங்கும் எண் கிடைக்கும். நம் வீட்டு நகைகளில் ‘916’ என்று பொறித்திருப்பதன் காரணம் இதுதான்.

பொற்கொல்லர் இந்த உலோகங்களை மூசை எனப்படும் சிறு கிண்ணத்தில் இட்டு உருக்குகிறார். தூய தங்கம் 1,064 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகும். உருகும்போது சிறிதளவு வெண்காரம் சேர்க்கிறார். அது உலோகத்திலுள்ள அழுக்கைப் பிரிக்க உதவுகிறது. உருகிய பொன்னை அச்சில் ஊற்றினால் சிறிய கட்டி கிடைக்கும். அதைப் பட்டடையின்மீது வைத்துச் சுத்தியலால் தட்டித் தகடாக்குகிறார்.

தட்டத் தட்டத் தங்கம் இறுகிக் கடினமாகும். அதற்குமேலும் தட்டினால் விளிம்புகளில் வெடிப்பு விழும். ஆகவே, இடையிடையே தகட்டை நெருப்பில் வாட்டி, மீண்டும் மென்மையாக்க வேண்டும். எப்போது தட்டுவதை நிறுத்த வேண்டும் என்பதைச் சுத்தியல் எழுப்பும் ஒலியும் கையில் உணரும் எதிர்ப்பும் அவருக்குச் சொல்லிவிடும். இந்த உணர்வைப் பல ஆண்டுப் பழக்கத்தால்தான் பெற முடியும்.

தகடும் கம்பியும்

ஜிமிக்கியின் முக்கியப் பகுதி கவிழ்த்த கிண்ணம் போன்ற குடை. மெல்லிய தகட்டிலிருந்து ஒரு வட்டத்தை வெட்டி, குழிகள் உள்ள கட்டையின்மீது வைக்கிறார்கள். உருண்டை முனை கொண்ட கருவியால் அதை மெல்லத் தட்டுகிறார்கள். முதலில் அகலமான குழியில் தட்டி, பிறகு சிறிய குழிக்கு மாற்றுகிறார்கள். அவசரப்பட்டால் தகடு சுருங்கி மடிந்துவிடும்.

அடுத்தது கம்பி. இதற்குக் கம்பியச்சு என்ற எஃகுத் தகடு பயன்படுகிறது. அதில் பெரியது முதல் சிறியது வரை வரிசையாகத் துளைகள் இருக்கும். தங்கக் கம்பியை ஒவ்வொரு துளையாக நுழைத்து இழுக்கும்போது அது மெலிந்துகொண்டே நீளும். உலோகங்களிலேயே மிக மென்மையாக இழுக்கக்கூடியது தங்கம். ஒரு கிராம் தங்கத்தைத் தட்டி ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் தகடாக்கலாம். அதே ஒரு கிராமை இரண்டு கிலோமீட்டருக்கும் கூடுதலான நீளமுள்ள கம்பியாகவும் இழுக்கலாம். மெல்லிய இரண்டு கம்பிகளை ஒன்றாக முறுக்கினால் கயிறு போன்ற அழகிய விளிம்பு கிடைக்கும். ஜிமிக்கிக் குடையின் ஓரத்தைச் சுற்றி ஓடும் முறுக்குக் கம்பி இப்படித்தான் உருவாகிறது.

கடுகினும் சிறிய மணிகள்

குடையின்மீது வரிசையாக அமைந்திருக்கும் சின்னஞ்சிறு தங்க மணிகளைக் கவனித்திருக்கிறீர்களா? அவற்றைச் செய்ய அச்சு எதுவும் தேவையில்லை. மெல்லிய கம்பியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, கரிக்கட்டையின்மீது இடைவெளி விட்டு வைக்கிறார்கள். தீயைக் காட்டியதும் ஒவ்வொரு துண்டும் உருகி, தானாகவே உருண்டை வடிவம் பெறுகிறது. சேம்பு இலையின்மீது விழுந்த மழைநீர் முத்து முத்தாகத் திரள்வதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. திரவத்தின் மேற்பரப்பு இழுவிசை அதைத் தன்னால் இயன்ற அளவுக்குச் சிறிய பரப்புக்குள் சுருக்குகிறது. அறிவியல் பாடத்தில் நாம் படிக்கும் இச்செயலைப் பொற்கொல்லர்கள் பன்னெடுங்காலமாகத் தங்கள் தொழிலில் பயன்படுத்தி வருகின்றனர்.

பொடி வைத்து ஊதுதல்

குடை, கம்பி, மணி ஆகியவை தயாராகிவிட்டன. இனி அவற்றை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். நகை வேலையில் மிகவும் நுட்பமான கட்டம் இதுவே. தங்கத்தோடு தங்கத்தை இணைக்கப் பற்றாசு தேவை. இது தங்கத்துடன் வெள்ளி, செம்பு போன்றவற்றைச் சற்றுக் கூடுதலாகக் கலந்து செய்யப்படுவது. அதனால் நகை உருகுவதற்கு முன்பே பற்றாசு உருகி, இடைவெளியில் பாய்ந்து இரண்டு பகுதிகளையும் பிணைத்துவிடும்.

பொற்கொல்லர் பற்றாசைப் பொடியாக்கி, வெண்காரத்துடன் சேர்த்து இணைப்பில் வைக்கிறார். பிறகு ஊதுகுழலால் விளக்கின் சுடரை அந்த இடத்தை நோக்கி ஊதுகிறார். ‘பொடி வைத்து ஊதுதல்’ என்னும் சொற்றொடர் இந்த வேலையைக் குறிப்பதாகும். ஊதும்போது மூச்சு சீராக இருக்க வேண்டும். சுடர் ஒரு நொடி கூடுதலாக நின்றாலும் மணிகள் உருகிக் குடையோடு கரைந்துவிடும். சுடர் போதாவிட்டால் இணைப்பு பிடிக்காது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு ஜிமிக்கியில் பல இணைப்புகள் இருக்கும். இரண்டாவது இணைப்பைச் செய்யும்போது முதல் இணைப்பு உருகிவிடக் கூடாது. ஆகவே, கூடுதல் வெப்பத்தில் உருகும் பற்றாசை முதலிலும் குறைந்த வெப்பத்தில் உருகும் பற்றாசை அடுத்தடுத்தும் பயன்படுத்துகிறார்கள். எந்தப் பகுதியை முதலில் இணைப்பது, எதைக் கடைசிக்கு வைப்பது என்று வேலை தொடங்கும் முன்பே மனத்தில் திட்டமிட வேண்டும்.

இவ்வேலையில் ஆபத்தும் இருந்தது. பற்றாசில் செம்பும் வெள்ளியும் கூடினால் நகையின் மொத்தத் தரம் குறைந்துவிடும். இதைத் தவிர்க்கச் சில காலம் பற்றாசில் காட்மியம் என்னும் உலோகத்தைச் சேர்த்தனர். ‘கே.டி.எம். நகை’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பெயர் இதனால் வந்ததே. காட்மியத்தின் புகை நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு விளைவிக்கும். நகையை அணிபவரைவிட, நாள் முழுவதும் தீயருகே அமர்ந்து அந்தப் புகையைச் சுவாசித்த தொழிலாளியே அதிகம் பாதிக்கப்பட்டார். இன்று காட்மியத்திற்குப் பதிலாகத் துத்தநாகம் போன்ற உலோகங்களைப் பயன்படுத்துகின்றனர்.

இணைப்பு முடிந்ததும் நகை கறுத்துப் போயிருக்கும். அதைக் கழுவி, அராவி, மெருகேற்றிய பின்னரே பளபளப்பு வெளிப்படும். அராவும்போது சிதறும் துகள்களும் வீணாவதில்லை. பட்டறையின் தரையைக் கூட்டிய தூசியைக்கூடச் சேர்த்து வைத்து, அதிலிருந்து பொன்னைப் பிரித்தெடுப்பர்.

எடையும் உழைப்பும்

நகையின் எடையை மட்டுமின்றி அதன் அமைப்பையும் மதித்துப் பதிவு செய்த மரபு நமக்கு உண்டு. முதலாம் இராசராச சோழன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில், ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன் இறைவனுக்கு வழங்கப்பட்ட நகைகளின் பட்டியல் கல்வெட்டாகப் பொறிக்கப்பட்டுள்ளது. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்னும் அளவுகளில் எடை குறிக்கப்பட்டிருக்கிறது. அத்துடன் ஒவ்வொரு நகையிலும் எத்தனை முத்துகள், எத்தனை கற்கள், அவை எவ்வகையின என்பனவும் கூறப்பட்டுள்ளன. அந்தப் பட்டியலைப் படிப்பவர் நகையின் தோற்றத்தையும் ஓரளவு மனக்கண்ணில் காணலாம்.

இன்று பல நகைகள் தொழிற்சாலைகளில் உருவாகின்றன. கணினியில் வடிவமைத்து, மெழுகில் மாதிரி செய்து, அதைச் சுற்றி அச்சு உருவாக்கி, உருகிய தங்கத்தை ஊற்றுகின்றனர். ஒரே வடிவத்தில் நூற்றுக்கணக்கான நகைகள் கிடைக்கின்றன. அவை குறைந்த செலவில், அளவு மாறாமல் அமைகின்றன. குறைந்த வருமானமுள்ள குடும்பமும் நகை வாங்க இது வழி செய்துள்ளது. இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால், கைவினைஞர் ஒரு நெருக்கடியில் இருக்கிறார். கிராமுக்கு இவ்வளவு என்று செய்கூலி கணக்கிடப்படும் இடங்களில், எடை குறைந்த நுட்பமான நகைக்குக் கூலியும் குறைவு. அதற்குத் தேவைப்படும் நேரமோ அதிகம். கனமான எளிய வளையல் ஒன்றுக்குக் கிடைக்கும் கூலி, நூறு மணிகள் பதித்த மெல்லிய ஜிமிக்கிக்குக் கிடைப்பதில்லை. இந்நிலையில் இளையோர் இத்தொழிலைக் கற்கத் தயங்குவதில் வியப்பில்லை. கற்பவர் குறைந்தால், பழைய கைவேலை நகையின் இணைப்பு விட்டுப்போகும்போது அதைச் சீர்செய்யத் தெரிந்தவரும் குறைவார். அப்போது அந்த நகைக்கு உருக்கும் மூசையைத் தவிர வேறு வழி இருக்காது.

இன்றும் சில தருணங்களில் நாம் பொற்கொல்லரையே நாடுகிறோம். குடும்ப வழக்கத்திற்கேற்பத் தாலி செய்வது அவற்றுள் ஒன்று. இலங்கைத் தமிழர் மரபில் திருமணத்திற்கு முன் ‘பொன்னுருக்கல்’ என்ற சடங்கு நடைபெறுகிறது. உறவினர் கூடியிருக்க, தாலிக்கான பொன்னைப் பொற்கொல்லர் அவர்கள் கண்முன்னே உருக்குகிறார். பொன் நகையாவதற்கு ஒரு கை வேண்டும் என்பதைக் குடும்பமே கூடி நின்று காணும் நிகழ்ச்சி அது.

உங்கள் வீட்டில்

பாட்டியின் பழைய நகை உங்கள் வீட்டில் இருந்தால், அனுமதி கேட்டு அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் எல்லா நகைகளும் மின்னும். ஆகவே பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. மணிகள் அளவில் சிறிதளவு மாறுபடுகின்றனவா? கம்பி தொடங்கி முடியும் இடம் தெரிகிறதா? பகுதிகள் சேரும் இடங்களில் பற்றாசின் மெல்லிய கோடு தென்படுகிறதா? இவை அந்த நகை கையால் செய்யப்பட்டிருக்கலாம் என்பதற்கான அடையாளங்கள்.

பிறகு பாட்டியிடம் கேளுங்கள்: இதை எப்போது, எங்கே செய்தீர்கள்? செய்தவர் யார்? அவர் கூறும் விடைகளை எழுதி, நகையின் இரு பக்கங்களையும் படம் பிடித்து வையுங்கள். குடும்பத் தேவைக்காக ஒரு நாள் அந்த நகையை மாற்ற நேரிடலாம், அதில் தவறில்லை. ஆனால், தராசு காட்டும் எண்ணைப் பார்க்கும் முன், அந்தக் குடையைத் தட்டிய கையையும் மணிகளைப் பற்றவைத்த மூச்சையும் அறிந்த ஒருவராவது வீட்டில் இருக்க வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.