பழுதுற்ற வானொலிப் பொறி: திருத்துவதா, விற்பதா?

ஊதியம் கருதாது, தாமே அலைபரப்பியும் கேட்டும் தூரதேசத்தாரோடு உரையாடுவோரின் கலை அமெச்சூர் வானொலியாகும். 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 இல் ஆழிப்பேரலை எழுந்து தென்கரையின் தொலைபேசிகள் செயலற்றபோது, அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி சேர்த்தோருள் இக்கலையினரும் இருந்தனர். ஆகவே, அலுமாரியில் பழுதுற்றுக் கிடக்கும் பழைய பொறியைத் திருத்துவதா, வந்த விலைக்கு விற்பதா என்னும் வினா வெறும் பணக்கணக்கன்று.

பொறியின் வயதைக் கொண்டு முடிவு செய்வோர் பலர். நாம் அதனை ஏற்கோம். பழுது யாது, அதற்குரிய உறுப்புக் கிடைக்குமா என்பனவே முதலில் அறியத்தக்கவை. யப்பானில் ஆக்கப்பட்ட இரண்டு பொறிகளைக் கொண்டு இதனை விளக்குவோம்.

1980 களில் வெளிவந்த கென்வுட் ரி.எஸ். 440 எஸ் என்னும் பொறியில், மீடிறனைக் காட்டும் முகப்பில் எண்கள் மறைந்து புள்ளிகள் தோன்றுவதுண்டு. பேச்சும் இல்லை, கேள்வியும் இல்லை. உடையவர் பொறியின் மூளையே எரிந்ததென அஞ்சி அற்ப விலைக்குத் தள்ளிவிடுகின்றார். பெரும்பாலும் நடந்ததோ வேறு. மீடிறனைப் பிறப்பிக்கும் சுற்றின் உறுப்புகள் அதிராவண்ணம் தொழிற்சாலையில் ஊற்றிய பசை, காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சி மின்னைக் கடத்தத் தொடங்கியிருக்கும். அப்பசையைப் பொறுமையாகச் சுரண்டி நீக்கி, அரிப்புண்ட உறுப்புகளை மாற்றிப் பற்றாசு வைத்தால், பொறி மீண்டும் பேசும். செலவு சில மாலைப்பொழுதுகளே.

1970 களின் யாயேசு எப்.ரி. 101 ஈ இதற்கு நேர்மாறு. அது நன்றாகவே கேட்கும். வெளிவிடும் வலு மட்டும் குன்றியிருக்கும். “சிறு குறைதான்” என்பார் விற்பவர். ஆனால் அதன் இறுதிநிலையிலுள்ள இரண்டு 6ஜேஎஸ்6சி வால்வுகள், தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கென முன்னாளில் ஆக்கப்பட்டவை. இப்பொழுது எவரும் ஆக்குவதில்லை. எஞ்சிய பழைய இருப்புக்கு விலையோ ஏறுமுகம். தேடிப்பிடித்து இட்டாலும், அவற்றுக்கு முன்னுள்ள சிறு கொள்ளளவியொன்று மின்னைக் கசியவிடுமாயின் புதிய வால்வுகளும் செஞ்சூடேறி அழியும். வேறு தயாரிப்பாளரின் வால்வாயின் மீள நடுநிலைப்படுத்தவும் வேண்டும். அளவுகருவியும் அனுபவமும் இல்லாதவர் இதனை வல்லார் ஒருவருக்கு விற்றுவிடுவதே நன்று.

மாணவருக்கு ஓர் எச்சரிக்கை. இவ்வால்வுப் பொறியினுள் ஏறக்குறைய 600 வோல்ற் அழுத்தம் உண்டு. மின்னிணைப்பைக் கழற்றிய பின்னரும் கொள்ளளவிகளில் ஏற்றம் தங்கி உயிரைக் கவரவல்லது. அறிந்தவர் அருகிலின்றி மூடியைத் திறத்தலாகாது.

விற்பதென்று துணிந்தால், கண்ட குறையை எழுத்தில் கொடுத்தல் வேண்டும். “சோதித்துப் பார்க்கவில்லை” என்று சொல்வது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. சோதித்துப் பார்த்தவரே அப்படிச் சொல்வதுதான் வேடிக்கை. வாங்குபவரிடம் அலைபரப்பும் அனுமதிப்பத்திரம் உண்டா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். அஃதின்றி அலைபரப்புவது நம் நாட்டில் குற்றம். முற்றாகச் செத்த பொறியையும் பழைய இரும்புக்காரருக்குப் போடலாகாது. அதன் நிலைமாற்றியும் ஆளிகளும் திருகுகுமிழ்களும் அதே வகைப் பொறி வைத்திருக்கும் இன்னொருவருக்கு வேண்டியவை. கைந்நூலும் சுற்றுப்படமும் இருப்பின், அவற்றையும் பொறியோடு சேர்த்துக் கட்டிக் கொடுப்பதே முறை.