மெர்சிடிஸ்-பென்ஸ் 540கே

மெர்சிடிஸ்-பென்ஸ் 540கே என்பது ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்கு முன் தயாரித்த சொகுசு மகிழுந்து ஆகும். 1936 அக்டோபரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் இது அறிமுகமானது. பெயரிலுள்ள 540 என்பது 5.4 லிட்டர் எந்திரத்தையும், 'கே' என்பது 'கோம்ப்ரசர்' என்ற ஜெர்மன் சொல்லையும் குறிக்கும். அந்தக் கோம்ப்ரசர்தான் இன்று சூப்பர்சார்ஜர் எனப்படுகிறது.

வரலாறு

இதன் முன்னோடி 1933-இல் வந்த 380 மாதிரி. முன்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே சுருள்வில்லில் ஏறி இறங்கும் அமைப்பு அதில் இருந்தது. பயணம் மென்மையாக இருந்தாலும் 3.8 லிட்டர் எந்திரத்துக்கு அந்த எடையை இழுக்கும் வலு போதவில்லை. எனவே 1934-இல் 5 லிட்டர் எந்திரத்துடன் 500கே வந்தது. அதை மேலும் பெரிதாக்கியதே 540கே.

எந்திரமும் சூப்பர்சார்ஜரும்

எட்டு உருளைகளும் ஒரே வரிசையில் அமைந்த எந்திரம் இது. உருளையின் விட்டம் 88 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 111 மி.மீ., மொத்தக் கொள்ளளவு 5401 கன செ.மீ. சாதாரண ஓட்டத்தில் 115 குதிரைத்திறன் கிடைத்தது. இன்றைய சிறிய கார்கள் பலவற்றுக்கும் ஏறக்குறைய இதே திறன்தான். ஆனால் அவற்றின் எடை ஒரு டன் அளவில் இருக்க, 540கே இரண்டு டன்னுக்கும் மேல்.

ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்கும்போது நிலைமை மாறும். எந்திரத்தின் முன்முனையிலுள்ள ஒரு கிளட்ச் இணைந்து, ரூட்ஸ் வகை ஊதுகருவியைச் சுழலவைக்கும். அதனுள் இருக்கும் இரண்டு சுழலிகள் காற்றை அழுத்திக் கார்புரேட்டருக்குள் தள்ளும். காற்று கூடினால் அதனுடன் எரியக்கூடிய பெட்ரோலும் கூடும். திறன் 180 குதிரைத்திறனாக உயரும். கூடவே ஊளையிடுவது போன்ற ஓர் ஒலியும் எழும். முன்னால் செல்பவர்களுக்கு ஹாரனே தேவைப்பட்டிருக்காது.

ஊதுகருவியை எப்போதும் ஓடவிட்டால் என்ன என்று கேட்கலாம். எந்திரம் அளவுக்கு மீறிச் சூடாகித் தேய்ந்துவிடும். எனவே முந்திச் செல்லவும் மேடு ஏறவும் மட்டும், அதுவும் சிறிது நேரத்துக்கே, அதைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. அப்படியும் பெட்ரோல் செலவு ஏராளம்: 100 கி.மீ.க்கு 27 லிட்டருக்குக் குறையாது. உச்ச வேகம் மணிக்கு 170 கி.மீ. பிரேக்குகள் ஹைட்ராலிக் முறையில் இயங்கின. மிதிக்கும் விசையைக் கூட்ட வெற்றிட உதவியும் இருந்தது.

உடற்கட்டு

பெரும்பாலான வண்டிகளுக்குச் சிண்டல்ஃபிங்கன் ஆலையிலேயே, ஹெர்மன் ஆரென்ஸ் தலைமையிலான தனிப்பிரிவில் உடற்கட்டு செய்யப்பட்டது. நீண்ட முன்மூடியும் அதன் பக்கத்திலிருந்து வெளிவரும் குரோமியப் புகைக்குழாய்களும் கொண்ட 'ஸ்பெஷல் ரோட்ஸ்டர்' இவற்றில் புகழ்பெற்றது. அதன் விலை 28,000 ரைஷ்மார்க்.

1938-இல் காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவில் ஒரேயொரு வண்டியும் உருவானது. பெர்லின்-ரோம் பந்தயத்துக்காகத் திட்டமிடப்பட்ட அது, பின்னர் டன்லப் நிறுவனத்தின் டயர் சோதனைக்குப் பயன்பட்டது.

போரும் பின்னரும்

இந்தக் காரின் அழகை அது பிறந்த காலத்திலிருந்து பிரித்துப் பார்ப்பது நேர்மையாகாது. நாஜித் தலைவர் ஹெர்மன் கோரிங்கும் இதன் உரிமையாளர்களில் ஒருவர். போர் தொடங்கியதும் சொகுசுக் கார்களின் தயாரிப்பு படிப்படியாகக் குறைந்தது. அதே நிறுவனத்தின் ஆலைகளில் போர்த்தளவாட உற்பத்திக்காகப் பல்லாயிரம் கட்டாயத் தொழிலாளர்கள் வேலைவாங்கப்பட்டனர்.

மொத்தம் 419 வண்டிகளே தயாராயின. 2012-இல் பெபிள் பீச் ஏலத்தில் ஒரு ஸ்பெஷல் ரோட்ஸ்டர் 1.17 கோடி டாலருக்கு மேல் விலைபோனது. ஆப்கானிய மன்னர் ஜாகிர் ஷாவுக்காகச் செய்யப்பட்ட 1937-ஆம் ஆண்டு வண்டி, 2023-இல் அதே பெபிள் பீச்சில் நடந்த பழங்கார்ப் போட்டியில் முதற்பரிசு பெற்றது.