நாற்று சாயாமல் காப்போம்

மிளகாய் விதை தூவிப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. பசுமையாக முளைத்து நின்ற நாற்றுகளைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு உறங்கச் செல்கிறீர்கள். காலையில் எழுந்து பார்த்தால் பாதி நாற்றுகள் மண்ணில் சாய்ந்து கிடக்கின்றன!

கண்ணேறு பட்டுவிட்டதோ என்று கலங்குமுன், சகோதரிகளே, சாய்ந்த நாற்றொன்றை எடுத்து அதன் அடித்தண்டைப் பாருங்கள். மண்ணோடு சேருமிடம் நீரூறிப் பழுப்பாகி, நூல்போல் மெலிந்திருக்கிறதா? அதுதான் நாற்றழுகல் நோய். மண்ணிலுள்ள பித்தியம், ரைசொக்டோனியா போன்ற பங்கசுக்களே இதற்குக் காரணம். மிளகாய், தக்காளி, கத்தரி மூன்றையும் இது தாக்கும். சாய்ந்த நாற்று மீண்டும் நிமிராது. ஆகவே வருமுன் காப்பதே வழி.

முதலில் மண்ணைக் கவனியுங்கள். நாற்றுமேடையை அரையடி உயரமாக, நீர் தேங்காதவாறு அமையுங்கள். அதன்மேல் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்தால் மேல்மண்ணிலுள்ள கிருமிகள் அழியும். எரிக்க வசதியில்லையா? மண்ணை நனைத்து, நிறமற்ற பொலித்தீனால் மூடி, ஓரங்களை மண்ணால் அடைத்து, நல்ல வெயிலில் நான்கு வாரம் விடுங்கள். சட்டியில் நாற்றுப் போடுவோர் மண்ணின்மேல் கொதிநீர் ஊற்றி ஆறவிட்டால் போதும். நன்கு உக்காத சாணத்தை ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

விதையை அள்ளித் தூவாதீர்கள். நான்கு அங்குல இடைவெளியில் வரிசையாக, ஐதாக இடுங்கள். நெருங்கி நிற்கும் நாற்றுகளிடையே காற்றோட்டம் இராது. நோய் ஒன்றிலிருந்து மற்றதற்கு விரைந்து பரவும். முளை தெரிந்ததும் மூடிய வைக்கோலை அகற்றிவிடுங்கள்.

நம்மில் பலர் செய்யும் தவறு, அன்பின் மிகுதியால் அளவுக்கதிகமாகத் தண்ணீர் ஊற்றுவதுதான். மஃரிபுக்குச் சற்று முன் ஊற்றினால் இரவு முழுவதும் மண் ஈரமாகவே இருக்கும். பங்கசுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஸுபஹுத் தொழுகை முடிந்து விடிந்தபின், மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் பூவாளியால் தெளியுங்கள். வுழூச் செய்யும்போதே வீண்விரயம் கூடாதென்று கற்றவர்களல்லவா நாம்! பெரும்போக மழையில், வளைத்த தடிகளின்மேல் பொலித்தீன் விரித்துப் பக்கங்களைத் திறந்து வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஓரிடத்தில் நாற்றுகள் சாய்ந்தால், அவற்றைச் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்துங்கள். நீரைக் குறைத்து வெயில் படவிடுங்கள். பங்கசுநாசினி தேவையென்றால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டே பாவியுங்கள். மருந்து பூசிய நிறவிதைகள் பிள்ளைகளின் கைக்கு எட்டக் கூடாது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மரக்கறி விலை ஏறியபோது, வளவில் நாலு மிளகாய்க் கன்று நிற்கும் வீட்டின் அருமை நமக்குப் புரிந்தது. ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. அந்த நன்மையின் தொடக்கம் இந்தச் சிறு நாற்றுத்தான். இன்றே மேடையை அமையுங்கள். பிஸ்மில்லாஹ் சொல்லி விதையுங்கள்.